விஆர் ஹாலில் என் கையைப் பிடித்தது யார்?

மஞ்சக்குப்பம் அம்மா:

போன மாதம் பாண்டியில் ஃப்ரீ ரோம் விஆர் ஆடப் போனோம். நான், அவர், பையன், நாத்தனார், அவள் வீட்டுக்காரர், கொழுந்தன் என்று ஆறு பேர். எந்த இடம் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடுகிற ஹெட்செட்டுக்குள் வேறோர் உலகம் தெரியும், ஒயர் கிடையாது, அதை மாட்டிக்கொண்டு ஹால் முழுக்க நடக்கலாம் என்கிற அந்த வகைதான், இங்கே பாதிப் பேர் ஆடியிருப்பீர்கள். தலைப்பூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

பேய் பிசாசைச் சுட்டதை எல்லாம் விடுங்கள், அது சும்மா கத்தல். என்னை இன்னும் அரித்துக்கொண்டிருப்பது பலகைதான். லிஃப்டில் ஏறுகிறோம், மாடி மாடியாக மேலே போகிறது, கதவு திறந்தால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஓரடி அகலத்தில் ஒரு பலகை. கீழே வண்டிகள் கடுகு கடுகாகத் தெரிகின்றன. எல்லாரும் தாண்டிவிட்டார்கள். வீட்டில் ஸ்டூல் மேல் ஏறவே பயப்படும் நாத்தனார்கூடத் தாண்டிவிட்டாள். நான் மட்டும் நின்றுவிட்டேன். கீழே இருப்பது சிமெண்ட் தரை என்று தெரியும். ஐந்து நிமிடத்துக்கு முன் அதே தரையில் நின்றுதான் துப்பட்டாவைக் கட்டினேன். தெரிந்து என்ன, கால் நகரவில்லை.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிப்பாய் திரும்பி வந்து கை நீட்டினான். விளையாட்டில் எல்லாருக்கும் ஒரே கவசம், நிறம் மட்டும் வேறு. பச்சை என்றால் என் பையன். துப்பாக்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை நானும் நீட்டினேன். கை தெரிகிறது, ஆனால் தெரிகிற இடத்தில் கை இல்லை. துழாவிப் பார்த்தேன், வெறும் காற்று. உயரத்துக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை, அந்தக் காற்றுக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

அடுத்த நொடி இடது பக்கமிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பக்கம் ஆகாயம்தான் இருக்கிறது, ஆள் யாரும் இல்லை. சில்லென்று, ஈரமான கை. அதைப் பிடித்துக்கொண்டே தாண்டிவிட்டேன்.

வெளியே வந்து கேட்டால் ஐந்து பேரும் "நான் இல்லை" என்கிறார்கள். பையன், "நான் கை நீட்டினேன், நீதான் பிடிக்கவே இல்லையேம்மா, நீயாத்தானே நடந்து வந்தே" என்கிறான். அவன் கை எப்போதும் ஜுரக்காரன் கை மாதிரி சுடும், இது அவன் கை இல்லை. அவரோ பிரமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிரமைக்கு ஈரம் இருக்குமா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

லாஸ்பேட்டை பாய்ஸ்:

உங்களுக்குக் கைதான் அக்கா இல்லை. எனக்கு ஆளே இல்லை.

செமஸ்டர் முடிந்த அன்றைக்கு எட்டுப் பேர் போனோம். கடைசி ரவுண்டு, நாலு பக்கமும் வருகிறார்கள். முத்தியால்பேட்டை நண்பன் பத்தடி தள்ளிச் சுவரோரமாக முட்டி போட்டு உட்கார்ந்திருப்பதை நன்றாகப் பார்க்கிறேன். சரி, இந்தப் பக்கம் காலி என்று துப்பாக்கியோடு சட்டென்று திரும்பினேன். 'டக்'. பல்லில் பட்ட சத்தம். ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. இப்போதும் தட்டில் ஸ்பூன் பட்டால் அந்தச் சத்தம் ஞாபகம் வருகிறது.

கழற்றிப் பார்த்தால் அவன் எனக்கு நேர் முன்னால், உதட்டில் ரத்தத்தோடு நிற்கிறான். என்ன நடந்திருக்கிறது என்றால், அவன் ஹெட்செட் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அவன் பாட்டுக்குக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்து வந்திருக்கிறான். எங்கள் கண்ணுக்கு அவன் பொம்மை மட்டும் சுவரோரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆள் கிட்டே வந்தால் ஹெட்செட் எச்சரிக்கை காட்டும் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். அணைந்துபோனதற்குக் காட்டாது என்று யாரும் சொல்லவில்லை.

உதட்டில் இரண்டு தையல். இப்போது என்னைப் பார்த்தால் அவன் கேட்கிற முதல் கேள்வி, "மச்சான், சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

கண்ணாடிக்காரன்:

அக்கா, இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஹெட்செட்டும் தன் மேல் இருக்கிற கேமராக்களால் சுவர், மூலை, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பார்த்து, தான் ஹாலில் எங்கே இருக்கிறது என்று தானே கணக்குப் போடுகிறது. ஆறு ஹெட்செட்டின் கணக்கும் ஒத்துப்போனால்தான் பையன் தெரிகிற இடத்தில் பையன் இருப்பான். வெளிச்சம் குறைவாக இருந்தாலோ, சுவர் அடையாளமே இல்லாமல் வெள்ளையாக இருந்தாலோ ஒன்றின் கணக்கு அரையடி நகர்ந்துவிடும். காற்றைத் துழாவினது அதனால்தான். பக்கத்தில் கணக்குத் தப்பி நின்ற உங்கள் வீட்டுக்காரர்தான் மணிக்கட்டைப் பிடித்திருப்பார், ஒப்புக்கொள்ள வெட்கம்.

என் அனுபவம்: பவர் மைனஸ் 4. கண்ணாடியோடு மாட்டிக்கொண்டேன், மூச்சு பட்டு ஆவி படிந்து முழு ஆட்டமும் மார்கழிப் பனியாகவே தெரிந்தது. நான் சுட்டவர்களில் பாதி என் மாமனார்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லென்ஸ் இடைவெளியை உங்கள் கண்ணுக்குச் சரி செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள். இரண்டு கண்மணிக்கும் நடுவே பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். அது சரியில்லை என்றால் பத்தே நிமிடத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்கும். ஹெட்செட் அரைக் கிலோ எடை, பட்டையை முன்பக்கம் மட்டும் இறுக்கினால் கன்னத்தில் ரேகை விழும், பின்மண்டையில் எடை உட்கார வேண்டும். கண்ணாடி ஃப்ரேம் அகலமானால் லென்ஸைக் கீறும், கான்டாக்ட் லென்ஸ் உத்தமம். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள், வெளிச்சம் வெட்டி வெட்டி வரும். மூக்கின் ஓரம் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினால் நிஜத் தரை தெரியும், பலகைக்கு அதுவே போதும். பலகையில் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடங்கள்.

தலைச்சுற்றலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாமே நடக்கும்போது சுற்றாது, கண்ணும் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் ஒரே சேதியைச் சொல்லும். லிஃப்ட், ரயில், படகு என்று நம்மை நிற்க வைத்துவிட்டு உலகம் நகர்ந்தால்தான் குமட்டும். வயிற்றை லேசாக வைத்துக்கொண்டு போங்கள். குமட்டினால் படகில் போகிறவர்கள் செய்வதுபோலத் தூரத்தில் தொடுவானத்தைப் பாருங்கள், சரியாகிவிடும். இஞ்சி மிட்டாய் ஒன்று பையில் இருக்கட்டும். அப்புறம், காட்டன் சட்டை போடுங்கள்.

தேவனாம்பட்டினம்:

தம்பி கண்ணாடிக்காரன், மற்றதெல்லாம் சரி. படகைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டாம்.

26 வருடம் கடலுக்குப் போனவன் நான். முதல் சில மாதம் வாந்தி எடுத்தேன், மறைக்கவில்லை. அப்புறம் ஒரு நாளும் கிடையாது. பேத்தி பிறந்தநாளுக்கு மருமகன் இந்த விளையாட்டுக்கு அழைத்துப் போனார். உள்ளே ஒரு படகுக் காட்சி. பிள்ளைகள் எல்லாம் "தாத்தா, உங்க ஏரியா" என்று சிரிக்கிறார்கள். அலை ஏறுகிறது, என் முட்டி தானாக மடங்குகிறது. பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடியில் படகு மேலே வரவில்லை. தரை போட்டது போட்டபடி கிடக்கிறது. அடுத்த அலைக்கும் மடங்குகிறேன், மறுபடியும் தரை வரவில்லை. மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று இருட்டில் காலை வைத்தால் ஒரு குலுக்கு குலுக்குமே, அது அலைக்கு அலை.

தொடுவானத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்த்தேன். நிஜக் கடலில் படகு ஆடும், தொடுவானம் நிற்கும். அங்கே தரை நிற்கிறது, தொடுவானம் ஆடுகிறது. எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? மூன்றே நிமிடம், மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் அவர்கள் கம்பளத்தில். "எங்க தாத்தா தண்ணியே இல்லாத எடத்துல வாந்தி எடுத்தாரு" என்று பேத்தி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

வயிற்றை லேசாக வைப்பதாம். நாங்கள் பழைய சோற்றைக் கட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கடலில் இறங்குவோம். வெறும் வயிற்றுக்காரன்தான் முதலில் சுருண்டு படுப்பான்.

கண்ணாடிக்காரன்:

ஐயா, வெறும் வயிறு என்று நான் எங்கே சொன்னேன்? லேசாக என்றுதான் சொன்னேன், மேலே திரும்பப் படியுங்கள். தொடுவானம் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், நான் யோசிக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போதுமே. மூடினால் காதும் காலும் சொல்வது ஒன்றாகிவிடும்.

தேவனாம்பட்டினம்:

கண்ணை மூடிக்கொள்வதற்கா மருமகன் காசு கொடுத்தார்?

நெல்லிக்குப்பம்:

அந்தக் காசு ஆறு பேருக்கு ஆனதை நினைத்துப் பாருங்கள். சில்வர் பீச்சில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மணலில் உட்கார்ந்திருக்கலாம். நான் போனதில்லை, போகவும் மாட்டேன்.

பழைய ஸ்டாஃப்:

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும்தான் செய்வேன், இதற்காக எழுதுகிறேன். பாண்டியில் இப்படி ஓர் இடத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம்.

கண்ணாடிக்காரன் சொன்ன கணக்குத் தப்புவது உண்மைதான். காலையில் எல்லா ஹெட்செட்டையும் ஒரே புள்ளியில் ஒன்றாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை அவசர அவசரமாகச் செய்வோம், சில நாள் செய்யாமலே விடுவோம். 2015ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் ஸீரோ லேட்டன்ஸி என்கிற கம்பெனி இந்த விளையாட்டை ஆரம்பித்தபோது முதுகில் கம்ப்யூட்டரையே சுமந்துகொண்டு ஆடினார்கள். ஹாலில் மாட்டின கேமராக்கள்தான் ஆட்களைக் கவனிக்கும். இப்போது எல்லாம் ஹெட்செட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் ஊர் ஊருக்குத் திறக்க முடிகிறது, அதனால்தான் ஆளுக்கொரு கணக்கும். ஒரு நாள் மாலை வெயில் ஜன்னல் வழியாக ஒரு ஹெட்செட்டின் லென்ஸில் விழுந்து உள்ளே திரையில் மஞ்சளாக ஒரு பொசுங்கல். பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்துவோமே, அதேதான். ஜன்னலை மூடாதது என் தப்பு என்று மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் வேலையை விட்டது தனிக் கதை.

லாஸ்பேட்டை தம்பி, சார்ஜ் தீர்ந்தால் நின்ற இடத்திலேயே நின்று கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு ஸ்டாஃப் என்றால் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். ஞாயம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சரி, அக்கா கேட்டது. நீங்கள் ஆடும்போது ஹாலுக்குள் நாங்களும் இருப்போம். எங்களுக்கு ஹெட்செட் கிடையாது, அதனால் உங்கள் கண்ணுக்கு நாங்களும் கிடையாது. சாக்ஸோடு சத்தமில்லாமல் உங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்போம். சுவரில் முட்டப் போகிறவரைத் திருப்பிவிடுவது, பட்டை கழன்றால் இழுத்துவிடுவது. பலகையில் நின்றுவிடுகிறவர்கள் தினம் இரண்டு பேராவது உண்டு. ஆம்பளை என்றால் தோளைத் தொட்டு நகர்த்திவிடுவேன். பெண்கள் என்றால் பையன்கள் தொடக்கூடாது, அதில் ஓனர் கண்டிப்பு. ஹெட்செட் துடைக்கிற அக்காவைக் கூப்பிடுவோம். அவர் வந்து கையைப் பிடித்து அந்தப் பக்கம் விட்டுவிட்டு, திரும்பிப்போய் அடுத்த ஹெட்செட்டைத் துடைப்பார். காலையிலிருந்து ராத்திரி வரை ஈரத்துணி, அதோடு ஏசி. அவர் கை எப்போதும் ஊறிப்போய் சில்லென்றுதான் இருக்கும்.

அந்த அக்கா ஒரு தடவைகூட ஹெட்செட் போட்டுப் பார்த்ததில்லை. பலகை எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. தரையில் நாங்கள் ஒட்டின மஞ்சள் டேப்பைப் பார்த்துத்தான் எல்லாரையும் நடத்துவார். பலகைக்குப் பக்கத்தில், நீங்கள் ஆகாயம் என்று சொல்கிற இடத்தில்.

நீங்கள் போனது நாங்கள் இருந்த இடம்தானா என்று எனக்குத் தெரியாது அக்கா. எல்லா இடத்திலும் துடைக்க ஒருவர் இருப்பார்.

கண்ணாடிக்காரன்:

அப்படியென்றால் ஆட ஆரம்பிக்கும் முன்பே ஸ்டாஃப் தொடுவார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் முதல் தடவை போனபோது

லாஸ்பேட்டை பாய்ஸ்:

அண்ணே, விடுங்கண்ணே.

மஞ்சக்குப்பம் அம்மா:

வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீல பக்கெட். என் வயசு இருக்கும், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். "பூவைக் கழட்டிடும்மா, பட்டையில மாட்டிக்கும்" என்று சொன்னது அவர்தான். பூவை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனேன்.

வெளியே வந்து அவர் முன்னால் நின்றுதான் ஐந்து பேரிடமும் நீயா, நீயா என்று சண்டை போட்டேன். அவரைக் கேட்கத் தோன்றவே இல்லை. கிளம்பும்போது பூவைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்தார். நார் ஈரமாக இருந்தது, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு தலையில் வைத்துக்கொண்டேன்.