ஹோஜிச்சா (ஜப்பான்ல வறுத்து செய்ற க்ரீன் டீ) ஒப்பிட்டு குடிக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ஜப்பான்ல இருக்கவங்க, டீ பைத்தியங்க எல்லாரும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. கனசாவாவோட காகா போச்சாவையும் கியோட்டோவோட இரிபஞ்சாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குடிச்சு பாத்துட்டிருக்கேன், ரெண்டும் வறுத்த க்ரீன் டீ தான்னாலும் ஒரே குடும்பம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. காகா போச்சா தேயிலைக் காம்பை மட்டும் வறுக்கிறது, கொதிக்கிற தண்ணி ஊத்தின உடனே வாசனை தூக்கும், லேசா இனிப்பு, துவர்ப்பு ரொம்ப கம்மி. 1983ல ஷோவா சக்கரவர்த்தி (ஹிரோஹிட்டோ) கனசாவா இருக்கிற இஷிகாவா மாகாணத்துக்கு வந்தப்ப முதல் பறிப்பு காம்பை லேசா வறுத்து குடுத்தாங்க, அந்த ஸ்டைலுக்கு இன்னிக்கும் மவுசு குறையல.

இரிபஞ்சா நேர் எதிர். உருட்டாத பெரிய இலை, குச்சி எல்லாம் கலந்து கிடக்கும், பாக்கெட்டை பிரிச்சாலே ரூம்ல யாரோ பீடி குடிச்ச மாதிரி நெடி, ஆனா வாயில வச்சா அவ்ளோ சாஃப்ட், ஆறினாலும் நல்லாவே இருக்கு (என் ஓட்டு இதுக்கு தான், வீட்ல யாருக்கும் பிடிக்கல, அது வேற கதை).

இப்ப என் டவுட்: காகா போச்சாவுக்கு அரை நிமிஷம் போதும், இரிபஞ்சாவை கெட்டில்ல போட்டு நல்லா ஊற விடணும், அப்போ ஒப்பிடும்போது ரெண்டுக்கும் ஒரே டைம் வைக்கணுமா இல்ல அதது வழக்கப்படி போட்டு குடிக்கிறதா? எடை ஒண்ணா எடுத்தாலும் காம்பும் இலையும் அளவுல எங்கயோ போகுது. மூணாவதா சாதா இலை ஹோஜிச்சா வாங்கலாம்னு இருக்கேன், அசைரியா ஃபுகைரியா, அதாவது லேசான வறுவலா கருக வறுத்ததா, இந்த ரெண்டுக்கும் நடுவுல எது வச்சா வித்தியாசம் நல்லா தெரியும்? பழசான டீயை ஹோரோக்குங்கிற மண் வறுசட்டியில மறுபடி வறுத்து பாத்தவங்க இருந்தா அதையும் சொல்லுங்க.