பயிற்சிக்குப் போகும் முன் உடம்பைத் தேற்ற வேண்டுமா, சும்மா போகலாமா?

புதுவரவு:
ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்டேன். மெடிக்கலும் முடிந்தது. அடிப்படைப் பயிற்சிக்குப் போக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், இப்போதே பூட்ஸ் மாட்டி முதுகில் மூட்டையோடு ஓடு என்கிறார். இன்னொருவர், ஒன்றும் செய்யாதே, அங்கே போனால் அவர்களே தேற்றிவிடுவார்கள் என்கிறார். நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓடுவேன். புல்-அப் இரண்டுக்கு மேல் வராது. யார் பேச்சைக் கேட்பது?

சும்மாபோ:
தம்பி, சும்மா போ. ஒன்றும் தெரியாதவனைச் சிப்பாயாக்கத்தான் அடிப்படைப் பயிற்சியே இருக்கிறது. ஜிம்மில் உடம்பு ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் இரண்டாம் வாரமே மூட்டை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை உடைத்தது ஓட்டம் இல்லை. முகத்துக்கு நேராக ஒருவர் கத்தும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பூட்ஸ்காரன்:
இப்படிச் சொல்லித்தான் பாதிப் பேரைக் கெடுக்கிறீர்கள். எதைச் செய்யப் போகிறோமோ அதைத்தான் பழக வேண்டும். அங்கே ரூட் மார்ச் உண்டு, சுமை உண்டு. மெத்தென்ற ஷூவில் ஓடிப் பழகியவன் முதல் நெடுநடையிலேயே குதிகால் தோல் உரிந்து நிற்பான். தம்பி, நாளைக்கே பூட்ஸ் வாங்கு. பையில் 15 கிலோ போட்டு ஓடு. மூன்று மாதத்தில் கால் இரும்பாகிவிடும்.

கணுக்கால்:
இரும்பாகாது, விரிசல் விடும். நான் பிசியோதெரபிஸ்ட். படையில் சேரப் போகிறவர்கள் பலர் இதே யோசனையைக் கேட்டு நொண்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பழக்கமில்லாத சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய திசுவைக் கரைக்கிறது, அதன் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடுவதால் நமக்கு அது தெரியாது. இன்னும் ஓடலாம் என்றுதான் தோன்றும்.

இது புதிய கதையும் இல்லை. நெடுநடை போன சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பிரஷ்யப் (அந்தக் கால ஜெர்மன் அரசு ஒன்று) படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-லேயே எழுதி வைத்தார். அது எலும்பு முறிவு என்று தெரிய, 1895-ல் எக்ஸ்ரே வந்த பிறகும் ஓரிரு வருடம் ஆனது.

பூட்ஸ்காரன்:
சார், அந்தக் காலத்துப் படைகளெல்லாம் சுமையோடு நடக்காமலா இருந்தன?

கணுக்கால்:
நடந்தார்கள் சார். நான் வேண்டாம் என்பது சுமையோடு ஓடுவதை. சுமையோடு நடக்கட்டும். வாரம் ஒரு நாள், லேசான பையில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். ஒரே வாரத்தில் தூரம், எடை இரண்டையும் ஏற்றக் கூடாது.

சும்மாபோ:
அப்போ நான் சொன்னதுதான் சரி. செய்யாமல் இருந்தால் காலும் உடையாது, காசும் மிச்சம்.

கணுக்கால்:
அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டையே. ஆஸ்திரேலியத் தரைப்படையில் 1,538 ரெக்ரூட்களை, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களை, வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2000-ல் வெளியானது. பயிற்சிக்கு முன் தசையை நீட்டி மடக்கினால் காயம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆனால் வந்து சேர்ந்தபோது ஓட்டத்தில் பின்தங்கி இருந்தவர்களுக்குத்தான் அதிகம் அடிபட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது. சும்மா போகிறவன்தான் முதலில் படுக்கிறான். காயம்பட்டவனை அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள், அல்லது வீட்டுக்கே அனுப்புவார்கள். புகை பிடிக்கிறவர்களுக்கும் காயம் கூடுதல். தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே விடட்டும், அங்கே போனால் எப்படியும் விட வைப்பார்கள்.

புதுவரவு:
புகை இல்லை சார். என் பாதம் கொஞ்சம் தட்டை. அதற்கேற்ற ஷூ வாங்கினால் தப்பிக்கலாமா?

கணுக்கால்:
மெடிக்கலில் தேறிவிட்டீர்கள், அப்புறம் என்ன. பாதத்தின் வடிவம் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் மூன்றிலும் சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. காலுக்குச் சுகமாக இருப்பதை வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் தத்துவத்துக்கு விலை கொடுக்காதீர்கள்.

பூட்ஸ்காரன்:
ஷூவை விடுங்கள். கொப்புளத்துக்கு என்ன பதில்? பதிலே வரவில்லை பாருங்கள்.

கணுக்கால்:
சொல்கிறேன். அங்கே கொடுக்கப்போகும் பூட்ஸ் எந்த வகை என்று தெரிந்தால் அதையே வாங்கி நடந்து பழகலாம். தெரியாவிட்டால், நீங்கள் பழக்கிய பூட்ஸ் ஒரு இடத்தில் உரசும், அவர்கள் தருவது வேறு இடத்தில் உரசும். கொப்புளம் வருவது ஈரத்தாலும் உரசலாலும். உள்ளே மெல்லிய சாக்ஸ், மேலே தடித்த சாக்ஸ். குதிகால் சூடாவதுபோல் உணர்ந்த உடனே டேப் ஒட்ட வேண்டும். தோல் பொங்கிய பிறகு ஒட்டிப் பயனில்லை. லேஸைக் கணுக்கால் மடிப்பில் இறுக்கி, விரல் பக்கம் கொஞ்சம் தளர்த்துங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டாது.

பூட்ஸ்காரன்:
இந்த லேஸ் விஷயம் நானும் சொல்வதுதான். மற்றபடி கஷ்டப்பட்டுப் பழகாதவன் கஷ்டத்தில் நிற்க மாட்டான் என்ற கருத்தில் எனக்கு மாற்றம் இல்லை.

சும்மாபோ:
இரண்டு பேரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். தலையைப் பற்றி யார் பேசுவது? தம்பி, ராத்திரி ஒரு மணி வரை போன் நோண்டுகிற ஆளா நீ? அதை இப்போதே குறை. சீக்கிரம் படுத்து, விடியும் முன் எழு. சட்டை இஸ்திரி போடு, பட்டன் தைக்கக் கற்றுக்கொள். ஒரு ஹால் நிறையப் பேரோடு படுத்து, ஒருவன் செய்த தப்புக்கு எல்லோரும் தண்டால் எடுக்கும்போது அவன்மேல் கோபப்படாமல் இருக்கப் பழகு. இதற்கு எந்த ஜிம்மும் இல்லை.

கணுக்கால்:
தூக்கம் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். இஸ்ரேலியப் படையில் ரெக்ரூட்களுக்குக் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, நடையையும் குறைத்தபோது எலும்பு நுண்முறிவுகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் கூடவே உடம்பும் தயாராக வேண்டும். வாரம் மூன்று நாள் ஓட்டம், அதில் இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகம், ஒரு நாள் மட்டும் வேகமாக. புல்-அப் இரண்டுதான் வரும் என்றால், ஸ்டூல் போட்டுக் கம்பி உயரத்துக்கு ஏறி, கம்பியைப் பிடித்துக் கைபலத்தில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள். போகும் இடம் வெயில் ஊரென்றால் கடைசி இரண்டு வாரம் கொஞ்ச நேரமாவது வெயிலில் ஓடுங்கள், உடம்பு வெப்பத்துக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். தண்ணீரையும் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி ரெக்ரூட்கள் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கத் தரைப்படை, மணிக்குச் சுமார் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தது.

புதுவரவு:
ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. போன வாரத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, சூடானதும் போய்விடுகிறது. தொடரலாமா?

பூட்ஸ்காரன்:
எல்லோருக்கும் வருவதுதான். ஓடி ஓடியே சரியாகும்.

கணுக்கால்:
எலும்பு ஓரமாக ஒரு விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு லேசாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட்தான், அதாவது ஓட்டம் கூடியதால் முன்னங்கால் எலும்பு ஓரத்தில் வரும் வலி, முறிவு இல்லை. ஓட்டத்தைப் பாதியாக்கி, மீதியை சைக்கிளில் ஈடுகட்டுங்கள். காசு அகலத்தில் ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, ராத்திரி படுத்த பிறகும் வலித்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ கேட்பார்கள்.

புதுவரவு:
அழுத்திப் பார்த்தேன். நீளமாகத்தான் வலிக்கிறது. இந்த வாரம் சைக்கிள்.

சும்மாபோ:
பட்டன் தைக்கவும் கற்றுக்கொள் தம்பி.