போர் தண்ணீர் உப்புக் கறைக்கு ஆசிட் இல்லாமல் என்ன வழி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எல்லாப் புழக்கத்துக்கும் போர் தண்ணீர்தான். குழாய்களிலும் ஷவர் துளைகளிலும் உப்பு வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிவிட்டது. இதுவரை கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றித்தான் கழுவி வந்தோம். அந்த நெடி என் மாமியாருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவருகிறது. கழுவிய நீரும் செப்டிக் டேங்கிற்குத்தான் போகிறது. வினிகரையும் ஆப்பசோடாவையும் கலந்து தெளித்தால் எந்தக் கறையும் போய்விடும் என்று பலர் சொல்கிறார்களே, அது சரியா? தரை மொசைக், சமையல் மேடை கடப்பாக் கல். பித்தளை விளக்குகளுக்கும் ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
சகோதரி, அந்த இரண்டையும் கலக்காதீர்கள். வினிகர் அமிலம், ஆப்பசோடா காரம். சேர்ந்தவுடன் பொங்குவது கரியமில வாயுதான், பொங்கி முடிந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிடேட் கரைந்த நீர். நுரையைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நம்பிவிடுகிறோம், ஆனால் ஒன்றின் வலிமையை மற்றொன்று போக்கிவிடுகிறது.

குழாயில் படிந்திருப்பது முக்கியமாகக் கால்சியம் கார்பனேட் என்பதால் அதைக் கரைக்க அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அளவு கரைத்து, துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஷவர் தலையைக் கழற்றி அதே கரைசலில் ஊறவைக்கலாம். அடுப்பைச் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம்தான் ஏற்றது. அங்கே ஆப்பசோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தடவித் தேய்த்தால் போதும்.

மறுமொழி 2:
மேலே சொன்ன முறை குழாய்க்குச் சரி, ஆனால் உங்கள் தரையிலும் மேடையிலும் அதைப் பயன்படுத்தவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. மொசைக்கில் இருப்பவை பளிங்குச் சில்லுகளும் சிமெண்டும். உப்புக் கறையும் இந்தக் கற்களும் ஏறக்குறைய ஒரே பொருளால் ஆனவை என்பதால், கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் அரிக்கும். எலுமிச்சைச் சாறு சிந்திய கடப்பா மேடை மெருகிழந்து வெளுத்துப்போவது இதனால்தான்.

தரை, மேடை இரண்டின் அன்றாட அழுக்குக்கும் பூந்திக்கொட்டை நீரைப் பயன்படுத்திப் பார்க்கலாம். கொட்டையை நீக்கிய தோலை இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு வடிகட்டினால், அதிலுள்ள சபோனின் நுரைத்து அழுக்கை எடுக்கும். சில நாட்களிலேயே புளித்துவிடும் என்பதால் கொஞ்சமாகவே தயாரியுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

பித்தளைக்கு நம் வீடுகளின் பழைய முறையே போதும்: புளியும் கல்லுப்பும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த படலத்தைக் கரைத்துவிடும். தேய்த்தவுடன் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, சாம்பலையோ விபூதியையோ உலர்ந்த துணியில் எடுத்து மெருகேற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் மீண்டும் விரைவில் கறுக்கும்.

மறுமொழி 3:
பாதுகாப்பைப் பற்றி ஒன்று. வீட்டில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் அதோடு வினிகர், எலுமிச்சை உப்பு, ஆசிட் எதையும் சேரவிடாதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும், ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ளவருக்கு அது பேராபத்து. ஒரே குளியலறையில் ஒன்றை ஊற்றி, அலசாமல் அடுத்ததை ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கடப்பா மேடை மங்கியதன் காரணம் இப்போதுதான் விளங்கியது. கறையை எடுத்தபின் மீண்டும் படியாமல் தடுக்க இயலுமா?

மறுமொழி 1:
தண்ணீர் மாறாதவரை முழுவதும் தடுக்க இயலாது. நீர்த்துளி காயும்போதுதான் உப்பு தங்குகிறது. ஆகவே இரவில் கடைசியாகக் குளிப்பவர் குழாயையும் சுவரையும் பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டால், படிவது வெகுவாகக் குறையும்.