சிறுவர் அனிமேஷன் படங்களில் ஆண், பெண் பாத்திரங்கள்: படப் பரிந்துரைகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். சிறுவர்களுக்கான அனிமேஷன் படங்களில் ஆண், பெண் பாத்திரங்கள் வார்க்கப்படும் விதம் குறித்து முதுகலை ஆய்வேடு எழுதிவருகிறேன். 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் குடிலைக் கூட்டிப் பெருக்கிச் சமைத்த நாயகியின் இடத்தில், 1998இல் ‘முலான்’ வாளேந்திப் போருக்குப் போனாள் என்பது உண்மைதான். ஆயினும் அப்படத்திலேயே சக வீரர்கள், தளபதி, பேரரசர் தொடங்கித் துணைக்கு வரும் குட்டி டிராகன் வரை அவளைச் சுற்றியிருப்போர் ஆண்களாகவே இருப்பதும், வசனத்தின் பெரும்பங்கு அவர்களிடமே போய்விடுவதும் என்னை மிகவும் உறுத்துகின்றன. நாயகியை மட்டும் மாற்றினால் போதாது.

துணைப் பாத்திரங்களிலும் பெண்கள் நிறைந்திருக்கும் படங்களையும், குழந்தை வளர்ப்பையும் சமையலையும் ஆண்கள் கேலிக்கு ஆளாகாமல் செய்யும் படங்களையும், எந்த மொழியில் இருந்தாலும், வெளிவந்த ஆண்டுடன் குறிப்பிட்டு உதவுமாறு வேண்டுகிறேன். வசனங்களைப் பாத்திரவாரியாக எண்ணிய அனுபவமுள்ளவர்கள் அதன் வழிமுறையையும் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவளாவேன்.