'ஸ்லைட்' – இழுகுழலா, நழுவுகுழலா?

ஹட்டனிலிருந்து:
வணக்கம். பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த காசில் எங்கள் பாடசாலை பாண்ட் குழுவுக்குப் பாவித்த ட்ரொம்போன் ஒன்று வாங்கப் போகிறோம், பித்தளை ஊதுவாத்தியம். சனிக்கிழமை கொழும்புக்குப் போகும் எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. எதையெதைப் பார்த்து வாங்குவது என்று தமிழில் ஒரு தாள் எழுதுகிறேன். பிறகு பிள்ளைகளும் அதை வைத்தே படிப்பார்கள். முன்னும் பின்னும் போய்வரும் அந்த 'ஸ்லைட்'டுக்குச் 'சறுக்கி' என்று பெயர் போட்டு, 'சறுக்கி நின்றால் வாங்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பதுளையிலிருந்து:
சறுக்கி வேண்டாம் சேர். 'சறுக்கி நின்றால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெயரா, வினையெச்சமா? 'சரிகுழல்' என்றும் யோசித்தேன். ஆனால் சரிவு என்றதும் நம் பிள்ளைகளுக்கு மண்சரிவுதான் மனதில் வரும். 'இழுகுழல்' எனலாம். வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. இந்த வாத்தியத்தின் பழைய பெயரான சாக்பட்டுக்கும் 'இழு, தள்ளு' என்ற பிரெஞ்சுச் சொற்களையே மூலமாகச் சொல்கிறார்கள்.

கண்டியிலிருந்து:
பகுதிக்குப் பெயர் தேடுமுன் வாத்தியத்துக்கே தமிழில் பெயர் வையுங்கள். மலைபடுகடாத்தின் தொடக்கத்தில், கூத்தர் சுமந்து போகும் கருவிகளிடையே 'களிற்றுயிர்த் தூம்பு' வருகிறது. யானை மூச்சுவிடுவது போல ஒலிக்கும் நீண்ட குழல். நெடுவங்கியம் என்பது உரை. துளையுள்ள மூங்கிலும் தூம்பு, குளத்து மதகும் தூம்பு. இத்தாலிய மொழியில் ட்ரொம்போன் என்றால் பெரிய ட்ரம்பெட். எனவே ட்ரம்பெட் தூம்பு, ட்ரொம்போன் பெருந்தூம்பு, ஸ்லைட் நழுவுதூம்பு.

ஹட்டனிலிருந்து:
ஐயா, தூம்பு அருமையான சொல். ஆனால் கடையில் போய்ப் பெருந்தூம்பு கேட்க முடியாதே. வாத்தியம் ட்ரொம்போனாகவே இருக்கட்டும்.

பண்டாரவளையிலிருந்து:
பாண்ட் பழக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மணி போல விரிந்த மணிவாயில் சின்ன நசுங்கல் இருந்தால் பயப்படாதீர்கள். ஸ்லைடில் உட்குழல்கள் மேல் நகரும் புறக்குழலில் நசுங்கல் இருந்தால் வாங்காதீர்கள். மணிப்பகுதியைக் கழற்றிவிட்டு ஸ்லைடை நேர்குத்தாகப் பிடித்துப் பூட்டைத் திறவுங்கள். கீழே ஒரு கை தாங்கலாக இருக்கட்டும். புறக்குழல் சரசரப்பில்லாமல் தானாக இறங்க வேண்டும். அப்புறம் மேலே உட்குழல்களின் இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டு விடுங்கள். இம்முறை மெல்லத்தான் இறங்க வேண்டும். சட்டென்று விழுந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. முதலில் தண்ணீர் வடிக்கும் சாவியின் தக்கையைப் பாருங்கள். அதை மாற்றுவது சுலபம். உட்குழலின் அடியில் சில அங்குலம் மட்டும் சற்றுத் தடித்திருக்கும். புறக்குழலோடு உரசுவது அந்த இடம்தான். அங்கே முலாம் உரிந்திருந்தால் விலை பேசவே வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள். ஊதுவாய் செருகும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டது என்று அர்த்தம். துடைத்துப் போக்க முடியாது. மாணவர் கருவியின் உள்விட்டம் பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர். அதற்குச் சிறிய தண்டுள்ள ஊதுவாய் வேண்டும். அந்தத் தடித்த இடத்தை ஆங்கிலத்தில் ஸ்டொக்கிங் என்பார்கள். தமிழில் என்ன போடுவது?

கண்டியிலிருந்து:
தானாக இறங்குவதே நல்ல குழல் என்று அவரே சொல்லிவிட்டார். நழுவு செயப்படுபொருள் குன்றிய வினை, இழு செயப்படுபொருள் குன்றாவினை. இழுத்தால்தான் வரும் என்றால் அது பழுதான குழல். வாத்தியத்தை ட்ரொம்போன் என்றே சொன்னாலும் இது நழுவுகுழல்தான்.

பதுளையிலிருந்து:
கடையில் சோதிக்கும்போது நழுவட்டும் ஐயா. வாசிக்கும் பிள்ளை 7 நிலைகளுக்கும் கையால் இழுத்துத்தான் போக வேண்டும். பெயர் அந்தக் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஸ்டொக்கிங்குக்கு மேசு, காலுறை எல்லாம் வேண்டாம். 'தடிமுனை' போதும்.

ஹட்டனிலிருந்து:
நாளை அச்சுக்குப் போக வேண்டும். வாசிக்கும் கைக்கு ஏற்றது இழுகுழல்தான், அதையே போடுகிறேன். தடிமுனையும் இருக்கட்டும்.

கண்டியிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். தடி என்றால் பிள்ளைகள் கம்பு என்று நினைப்பார்கள், 'தடித்த முனை' என்றே விரித்து எழுதுங்கள். தாளின் அடியில் 'நழுவுகுழல் என்றும் சொல்லலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.