கறை படிந்த தோலுக்குச் சுழியம் என்று மதிப்பெண் இடலாமா?

நிறமானி:
ஊதா நிறக் காரச் சாயம் (நேர்மின் ஏற்றமுள்ள சாய வகை) ஒன்றின் பாதுகாப்புத் தரவுத் தாளில் "தோல் எரிச்சல் இல்லை" என்று கண்டு, அதற்கு ஆதாரமான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 404ஆம் சோதனை நெறிமுறைப்படி 0.5 கிராம் பொடியை ஈரப்படுத்தி, முயலின் தோலில் 4 மணி நேரம் கட்டி வைத்து, பின்னர் 24, 48, 72 மணி நேரங்களில் பார்த்திருக்கிறார்கள். சிவத்தலுக்கான கட்டத்தில் மூன்று முறையும் சுழியம். அடிக்குறிப்பிலோ, தோல் அடர் ஊதாவாகக் கறைபட்டதால் சிவத்தலைக் காண இயலவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. காண இயலாததற்குச் சுழியம் இடுவது எப்படி முறையாகும்? சிவத்தல் 0 முதல் 4 வரை மதிப்பிடப்படுகிறது. மூன்று விலங்குகளில் இரண்டிற்காவது சராசரி 2.3ஐ எட்டினால் அப்பொருள் எரிச்சலூட்டி என வகைப்படும். இங்கே அந்தச் சராசரியே கணக்கிடப்படவில்லை என்பதுதான் என் வாதம்.

ஆய்வுமேசை:
உங்கள் அக்கறை புரிகிறது. முடிவை ஏற்க இயலவில்லை. சிவத்தல் மறைந்தாலும் வீக்கம் மறையாது, விரலால் தடவினாலே தடிப்புத் தெரிந்துவிடும். எரிச்சல் கடுமையாக இருந்திருந்தால் அடுத்த நாட்களில் தோல் உரிந்தோ பொருக்குத் தட்டியோ இருக்கும். அப்படி எதுவும் பதிவாகவில்லை என்றால் சோதனை தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நிறம் இருக்கிறது என்பதற்காகவே ஐயப்பட்டால், எல்லாச் சாய டப்பாக்களிலும் ஒரே எச்சரிக்கை ஒட்டப்பட்டு, உண்மையில் எது கண்ணைக் கெடுக்கும் என்பது தொழிலாளிக்குத் தெரியாமலே போகும். கருவிழியின் கீறலைக் காணக் கண் மருத்துவர் இடும் ஃபுளோரசீனும் செயற்கைச் சாயம்தானே?

நிறமானி:
ஃபுளோரசீன் கண்ணீரில் எதிர்மின் அயனியாகக் கரைவது. நாம் பேசும் சாயமோ நேர்மின் அயனி. அது திசுவின் புரதங்களைப் பற்றிக்கொள்ளும். தோலோடு கண்ணையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: இதே குடும்பத்தைச் சேர்ந்த கிரிஸ்டல் வயலட், மாலகைட் பச்சை இரண்டும் ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் கண்ணுக்குக் கடும் சேதம் விளைவிப்பவையாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. இவ்வகைச் சாயம் கலந்த, அழியாத எழுத்துக்கான ஊதாப் பென்சிலின் துகள் கண்ணில் விழுந்து கருவிழி புண்ணானதைக் கண் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். வீக்கம் பற்றி நீங்கள் சொன்னதற்கும் ஒரு விடை உண்டு: வகைப்படுத்த வீக்கம் தேவையில்லை, சிவத்தல் மட்டுமே 2.3ஐ எட்டினாலும் போதும். நமக்குத் தெரியாமல் போனது அதுதான்.

திசுத்தட்டு:
செயற்கையாக வளர்த்த மனிதத் தோல் திசுவில் சோதித்தால் தீர்ந்துவிடும் என்று யாரேனும் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. ஓ.இ.சி.டி. 439 முறையில் உயிருள்ள செல்கள் எம்.டி.டி. என்ற மஞ்சள் உப்பை நீல ஊதாப் பொருளாக மாற்றுகின்றன. அதைக் கரைத்தெடுத்து 570 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சலை அளக்கிறோம். செல்களின் உயிர்த்திறன் 50 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இறங்கினால் எரிச்சலூட்டி. ஊதாச் சாயம் தடவிய திசுவை 15 முறை கழுவிய பிறகும் அது நாவற்பழத் தோல் போலவே இருந்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். எம்.டி.டி. சேர்க்காத திசுவிலிருந்து எடுத்த கரைசலும் ஊதாவாகத்தான் இருந்தது. கருவிக்கு அது எந்த ஊதா என்று தெரியாது. செத்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டிவிடும். ஆகவே எம்.டி.டி. சேர்க்காத கட்டுப்பாட்டுத் திசுவை உடன் வைத்துச் சாயத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். அந்தப் பங்கு மிகப் பெரிதானால் கழித்தும் பயனில்லை, நீர்ம நிறச்சாரல் பிரிகை (லிக்விட் குரோமடோகிராபி) முறையில் இரண்டையும் தனித்தனியே பிரித்தே அளக்க வேண்டும். விலங்குச் சோதனையில் கண்ணை ஏமாற்றிய அதே நிறம் இங்கே கருவியை ஏமாற்றுகிறது.

ஆய்வுமேசை:
தோலைப் பொறுத்தவரை இறங்கி வருகிறேன்; "எரிச்சல் இல்லை" என்பதை நீக்கி "சிவத்தலை மதிப்பிட இயலவில்லை" என்று எழுதுவதே நேர்மை. கண் விஷயத்தில் மட்டும் உறவுப் பொருள்களை வைத்துத் தீர்ப்பெழுத எனக்கு மனமில்லை. சந்தைக்கு வரும் சாயப் பொடியில் உப்பும் நிரப்பிகளும் கணிசமாகக் கலந்திருக்கும், தூய சாயத்தின் பங்கு ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் மாறும். அந்த விழுக்காடு தெரியாமல் உறவைக் காட்டுவது பாதி ஆதாரமே.

நிறமானி:
விழுக்காடு கேட்பது சரிதான். ஆனால் கலவைக்கான விதியில், கண்ணுக்குக் கடும் சேதம் விளைவிக்கும் கூறு பொதுவாக 3 விழுக்காடு இருந்தாலே கலவை முழுவதும் அதே வகையில் சேர்ந்துவிடும். எந்தச் சாயப் பொடியில் தூய சாயம் அதற்கும் குறைவாக இருக்கும்? திசுத்தட்டு சொன்ன முறையில், கருவிழி மாதிரித் திசுவுக்கான ஓ.இ.சி.டி. 492 சோதனையை நிறக் கட்டுப்பாடுகளுடன் செய்து முடிவு வரும் வரை, தரவுத் தாளில் கடும் கண் சேதம் என்ற வகையே இருக்கட்டும். பொடியை அள்ளுகிறவர் இன்றைக்கே பக்கம் மூடிய கண்ணாடி அணிய வேண்டியிருக்கிறது.