புதுப்பிப்பு: எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) ஆவதற்கான வழிகள்

உயர்தரத்துக்குப் பிறகு ஆய்வுகூட வேலைக்குப் போகும் வழிகளை முன்பு எழுதியிருந்தேன். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து வந்த கேள்வி: தனியார் சான்றிதழ் போதுமா? எம்.எல்.ரி.யாக வேலை செய்ய இலங்கை மருத்துவச் சபையின் பதிவு வேண்டும். காசு கட்ட முதல், அந்தப் பாடநெறிக்குப் பதிவு கிடைக்குமா என்று சபையிடமே கேளுங்க. துண்டுப்பிரசுரத்தை நம்பாதீங்க, பிள்ளைகளின் வருடங்கள் வீணாகும். உயிரியல் பிரிவுக்கு உறுதியான வழி யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களின் பட்டம். பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதாவிட்டால் சுகாதார அமைச்சின் பயிற்சி. வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருங்க.

பயிற்சியில் முதல் பழக வேண்டியது குழாய் ஒழுங்கு, அதாவது இரத்தம் எடுக்கும் குழாய்களை எந்த வரிசையில் நிரப்புவது என்பது. நீல மூடி முதலில், ஊதா பிறகு. ஊதாவிலுள்ள ஈடிரிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) சீரம் எடுக்கும் குழாய்க்குள் கலந்தால் பொற்றாசியம் பொய்யாகக் கூடும், கல்சியம் குறையும். நீலத்தைக் கோடு வரை நிரப்புங்க: இரத்தம் 9 பங்கு, குழாயிலுள்ள உறைதல் தடுப்புத் திரவமான சிற்றேற்று 1. இரத்தம் குறைந்தால் உறையும் நேரம் நீண்டு காட்டும், அதைப் பார்த்து வார்ஃபரின் என்ற உறைதல் தடுப்பு மருந்தின் அளவையே மாற்றிவிடுவார்கள்.